ஒன்பது நாளில் ஆறிய காயம்

ராக்கியப்பனின் முழங்காலுக்குக் கீழே பட்ட வெட்டு ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை. பம்ப்செட் ஃபேக்டரியில் தகரம் உரசியது. வீட்டுக்கு வந்து மனைவி தவமணியிடம் சிரித்துக்கொண்டேதான் காட்டினார். தவமணி கோவை அரசு மருத்துவமனையில் இருபது வருடமாகக் காயங்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். மற்றவர்களுக்கு முகங்கள் நினைவில் நிற்பதுபோல அவளுக்குப் புண்கள் நினைவில் நிற்கும். இதெல்லாம் ஒரு காயமா என்று மருந்து தடவி ஒட்டிவிட்டாள். எட்டு மாதம் கழித்து அந்த வெட்டில்தான் அவர் செத்துப்போனார்.

அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. பார்த்தால் நாற்பத்தைந்துக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். முதுமையைத் தள்ளிப்போடும் இளவேனில் மாத்திரையின் முதல் சோதனையில் சேர்ந்த முந்நூறு பேரில் அவர் ஒருவர். ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவர். மாத்திரை போட்டுக்கொள்ளச் சம்மதிக்கிற பழைய ஃபிட்டர்களை மறுபடி வேலைக்கு எடுப்பதாக ஃபேக்டரி சொன்னதும் கையெழுத்துப் போட்டார். ஆறே மாதத்தில் வலி போயிற்று. அடுத்த வருடம் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கி, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

மலைச்சரிவுகளில் படரும் பொன்னாரை என்ற கொடியின் இலைக்கு மஞ்சள் நிறம் தருகிற ஃபிளவனாய்டு என்ற சத்துதான் அந்த மாத்திரை. அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அருணகிரி. இலைச்சாறுதானே, என்ன செய்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தவமணி கணவனின் காலுக்கு இருநூற்று முப்பது நாள் கட்டுப் போட்டாள். அப்படி ஒரு புண்ணை அவள் பார்த்ததே இல்லை. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. ஓரம் சிவக்கவில்லை, சூடு இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக, வெளிறிப்போய், திறந்தே கிடந்தது. மூட வேண்டும் என்கிற எண்ணமே அந்த உடம்புக்கு வரவில்லை. கடைசியில் கிருமி உள்ளே போய், பதினோரு நாளில் எல்லாம் முடிந்தது.

மாத்திரை தயாரித்த கம்பெனியின் அறிக்கையில் சாவுக்குக் காரணம் சர்க்கரை வியாதி என்று இருந்தது. ராக்கியப்பனுக்குச் சர்க்கரை கிடையாது. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். ஊருக்கெல்லாம் கட்டுப் போட்டவளுக்குச் சொந்தப் புருசன் காலைப் பார்க்கத் தெரியவில்லையே என்று. அது அவள் காதுக்கும் வந்தது.

காரணத்தை அவளுக்குச் சொன்னவர் யாகூப். அந்தச் சோதனையில் மருந்தாளராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு மகளிடம் வெளிநாடு போவதற்கு முன்பு வீடு தேடி வந்து சொன்னார்.

“நம்ம உடம்புல சில செல்லு கிழடாயிரும்மா. சாகவும் சாகாது, வேலையும் பாக்காது. பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும். வயசானா வர்ற பாதி நோவு அதுனாலதான். இந்த மாத்திரை அந்தக் கிழட்டுச் செல்லையெல்லாம் கொன்னுரும். ஆளு எளந்தாரியாயிருவான்.”

“அப்புறம் காயம் ஏன் ஆறல?”

“காயம் பட்டா, அந்த இடத்துல இருக்கற நல்ல செல்லு கொஞ்சம் தானாவே கிழடாயிரும். அதுதான் மத்த செல்லையெல்லாம் கூப்பிட்டுக் காயத்தை மூடச் சொல்லும். மாத்திரைக்கு எந்தக் கிழடுன்னு பாக்கத் தெரியாது. அதையும் கொன்னுரும். கூப்பிட ஆளே இல்லைன்னா யாரு வந்து மூடுவாங்க?”

மாத்திரையை நிறுத்தி நான்கு மாதம் ஆனால் உடம்பு பழையபடி மூடத் தொடங்கிவிடும் என்றார். முந்நூறு பேரில் இப்படிச் செத்தவர்கள் பத்தொன்பது பேர், எல்லோருக்கும் ஏதோ ஒரு வியாதியை எழுதிவிட்டார்கள், எழுதச் சொன்னவர் அருணகிரி என்றார். சாட்சி சொல்ல வருவீர்களா என்று தவமணி கேட்டபோது, விமான டிக்கெட் எடுத்தாயிற்று என்று எழுந்துகொண்டார்.

தவமணி புகார் கொடுத்தாள். விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்தது. அருணகிரி தொலைக்காட்சியில் தோன்றி, சோதனை தொடங்கிய நாளிலிருந்து நானும் தினமும் இதைத்தான் சாப்பிடுகிறேன், என் மனைவியும் சாப்பிடுகிறாள், விஷமாக இருந்தால் முதலில் போவது நானாகத்தானே இருக்கும் என்று கேட்டார். பளபளவென்று இருந்த அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது.

ஏழு வருடம் போனது. ஓய்வு வயதை எழுபத்தைந்து ஆக்கினார்கள். பல கம்பெனிகளில் மாத்திரை போடாத பெரியவர்களை வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. சித்திரை வெயிலிலும் கோவையில் வயதானவர்கள் முழுக்கைச் சட்டையும் நீளக் காலுறையும் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஆறாத புண்ணை வெளியே காட்டினால் சர்க்கரைக்காரன் என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். எத்தனை பேருடைய சட்டைக்குள் கட்டு இருந்தது என்பது நர்சுகளுக்குத்தான் தெரியும்.

தவமணி மாத்திரை போட மறுத்து முன்கூட்டியே ஓய்வு பெற்ற மறுவருடம், வீட்டுக்குப் போய்க் கட்டுப் போடும் நர்சுகளை அனுப்புகிற நிறுவனம் ஒன்று அவளைக் கூப்பிட்டது. பெரிய இடம், வெளியே பேசக்கூடாது, ஒரு அம்மாவுக்குக் கையில் தீக்காயம் என்றார்கள். விலாசத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் போவதாக ஒத்துக்கொண்டாள். அது அருணகிரியின் வீடு.

பெயரை மாற்றிச் சொல்லலாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனாள். அவரே கதவைத் திறந்து, பேர் என்னம்மா என்று கேட்டபோது தன் பெயரையே சொன்னாள். தவமணி ராக்கியப்பன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உள்ளே வாங்க என்றார். புகாரில் இருந்த பெயரை அவர் ஒருமுறைகூடப் படித்திருக்கவில்லை. இவரைச் சும்மா விடக்கூடாது என்று அவள் முடிவு செய்தது அந்த வாசலில்தான்.

அருணகிரியின் மனைவி மனோன்மணிக்கு அறுபத்தாறு வயது. நாற்பது வயதுக்காரி போல இருந்தாள். விளம்பரங்களில் கணவனோடு சேர்ந்து சிரிக்கிற அதே முகம். பணியாரம் சுடும்போது முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்திருந்தது. ஏழு மாதம் ஆகிறது. நரம்புத் தளர்ச்சி, மெதுவாக ஆறும் என்று கணவர் சொல்லியிருந்தார். தவமணி கட்டைப் பிரித்தாள். கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

மாத்திரையை நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தவமணி சொல்லவில்லை. சொன்னால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவரை நெருங்க வேறு வழி கிடைக்காது. மனோன்மணி நல்லவளாகத்தான் இருந்தாள். வாங்க அம்மிணி என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். தவமணி அதைச் சாப்பிட்டாள், கட்டுப் போட்டாள், பேசாமல் இருந்தாள். தினமும் காலையில் அருணகிரி ஒரு புட்டியிலிருந்து மாத்திரை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைப்பார். தன்னுடைய புட்டியிலிருந்து ஒன்று எடுத்துத் தான் போட்டுக்கொள்வார். தவமணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக மாத்திரை ஊறிய உடம்பு. எங்கே கீறினாலும் போதும்.

நாற்பதாவது நாள் அவரே வந்தார். காலில் ஆணி, நடந்தால் குத்துகிறது, கொஞ்சம் சீவிவிட முடியுமா என்று கேட்டார். தவமணி வெந்நீரில் காலை ஊறவைத்தாள். ஆணியைப் பதமாகச் சீவினாள். பிறகு பிளேடைக் குதிகாலின் பக்கவாட்டில் இரண்டு விரல் நீளத்துக்கு ஆழமாக இழுத்தாள். கை தவறிய மாதிரி இருக்க வேண்டும் என்று பல நாள் யோசித்து வைத்த இழுப்பு. ரத்தம் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். பரவாயில்லம்மா, வேண்டுமென்றா செய்தீர்கள் என்றார் அவர்.

அந்தக் காயத்துக்கும் அவள்தான் கட்டுப் போட்டாள். தினமும் போனில் படம் எடுத்தாள். அது அழுகிப்போவதை ஒவ்வொரு நாளாகப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மூன்றாம் நாள் ஓரம் சிவந்து சூடாக இருந்தது. ஐந்தாம் நாள் பொருக்குக் கட்டியது. ஒன்பதாம் நாள் பொருக்கு உதிர்ந்து, அடியில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் இருந்தது.

அன்றைக்கு அவள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். யாகூப் சொன்னது தப்பா? மாத்திரை ஒன்றும் செய்யவில்லை என்றால் ராக்கியப்பன் செத்தது யாரால்? ஆஸ்பத்திரியில் பேசியவர்கள் சொன்னதுதான் சரியோ என்று நினைத்தபோது வழியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மனோன்மணியின் கட்டைப் பிரித்ததும் அவளுக்குத் தெளிந்தது. ஒரே வீடு, ஒரே மாத்திரை, ஒரே நர்ஸ். ஒருவருக்கு ஒன்பது நாளில் மூடிவிட்டது, இன்னொருவருக்கு எட்டு மாதமாக மூடவில்லை. அவருடைய புட்டியில் இருந்தது அந்த மாத்திரையே இல்லை. பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அதைச் சாப்பிட்டதில்லை. அந்தப் பளபளப்பெல்லாம் சாயமும் முகப்பூச்சும்தான். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே மனைவியின் கையில் தினமும் ஒன்று வைத்தார், விளம்பரத்துக்கு ஒரு முகமாவது வேண்டும் என்று.

தவமணி கட்டுத் துணியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் மனோன்மணியிடம் சொன்னாள். ராக்கியப்பனைப் பற்றி, யாகூப் சொன்னதைப் பற்றி, வேண்டுமென்றே கீறியதைப் பற்றி. நாற்பது நாளுக்கு மேலாக வாயைத் திறக்காமல் இருந்ததையும் மறைக்கவில்லை. படங்களைக் காட்டினாள்.

மனோன்மணி ஒன்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்து, “நீங்க இனி வர வேண்டாம் தவமணி” என்று மட்டும் சொன்னாள்.

தவமணி நேராகப் போலீசுக்குப் போனாள். படங்களைக் கொடுத்தாள். இந்த ஆள் பொய் சொல்கிறார், இந்த மாத்திரையைச் சாப்பிடுகிற யாருக்கும் இப்படி ஆறாது, இது எனக்கு எப்படித் தெரியும் என்றால் கீறியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தாள். தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதினாள்.

வழக்கு நான்கு மாதம் நடந்தது. அருணகிரி அலட்டிக்கொள்ளவே இல்லை. அவருடைய ரத்தத்தைச் சோதித்தார்கள், பொன்னாரை இருந்தது. சோதனைக்கு முன்பு நான்கு நாள் போட்டாலே ரத்தத்தில் தெரியும் என்று தவமணி சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பிறகு அவருடைய வக்கீல் அந்த ஒன்பது படங்களைப் பெரிதாக்கி நீதிமன்றத்தில் மாட்டினார். பதினோரு வருடமாக இளவேனில் சாப்பிடுகிறவரின் காயம் ஒன்பது நாளில் ஆறியிருக்கிறது, இதைவிட நல்ல சாட்சி உண்டா என்று கேட்டார். அடுத்த வாரமே அந்தப் படங்கள் விளம்பரமாக வந்தன.

மிச்சம் இருந்த ஒரே சாட்சி மனோன்மணியின் கை. அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். மணிக்கட்டு வரை பட்டு ஜாக்கெட் போட்டிருந்தாள். தவமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாதாரணத் தீக்காயம், எப்போதோ ஆறிவிட்டது, இந்த நர்ஸ் எங்கள் வீட்டில் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார், திடீரென்று ஏன் இப்படிப் பேசுகிறார் என்று தெரியவில்லை என்று மனோன்மணி சொன்னாள். ஜாக்கெட் கையை விலக்கிக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை.

தவமணிக்கு எட்டு மாதம் சிறை. உள்ளே இருந்தபோது அவள் அருணகிரியைவிட அதிகமாக மனோன்மணியைத்தான் நினைத்தாள். தன் கையாலேயே சோறு போட்டவள். தினமும் காலை எழுந்ததும் அந்த முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

விடுதலையான அன்று சிறை வாசலில் ஒரு கார் நின்றது. அதிலிருந்து ஊன்றுகோலுடன் நரைத்த தலைக்காரி ஒருத்தி இறங்கினாள். கன்னம் தொங்கி, முதுகு லேசாக வளைந்திருந்தது. கிட்டத்தில் வந்த பிறகுதான் தவமணிக்கு ஆள் தெரிந்தது. மனோன்மணி சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். கறுப்பாக, சுருங்கிய வடுவோடு, காயம் மூடியிருந்தது.

“நீங்க சொன்ன அன்னைக்கே நான் நிறுத்திட்டேன்.”

“அப்ப கோர்ட்டுல எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?” என்றாள் தவமணி.

“நான் உண்மையச் சொல்லியிருந்தா என்னையும் பைத்தியம்னு எழுதியிருப்பார். வீட்டை விட்டு அனுப்பியிருப்பார். நான் வீட்டுல இருக்கணும் தவமணி. நான் நிறுத்துன மாத்திரை வீணாப் போகக்கூடாதுன்னு நெனச்சேன். காலையில அவர் காப்பி நான்தான் கலக்கறேன்.”

“இப்ப அவர் எப்படி இருக்காருங்க?” என்று தவமணி கேட்டாள்.

மனோன்மணி நிதானமாகச் சொன்னாள். ஐந்து மாதம் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. உடம்பு இளைத்து, முகம் தெளிந்து, தான் அதிருஷ்டசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட் கதவு முன்னங்காலில் இடித்தது. மூன்று வாரம் ஆகியும் மூடாதபோது அவருக்குப் புரிந்துவிட்டது. ஊரிலேயே அந்தப் புண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறவர் அவர்தானே. ஓட்டல் சாப்பாடு வாங்கிப் பார்த்தார். அதைத் தட்டில் எடுத்து வைப்பதும் மனோன்மணிதான். வேலைக்காரர்களை அவரே நிறுத்திவிட்டார், கால் வெளியே தெரியக்கூடாது என்று. ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது.

“போலீசுக்குப் போறேன்னு ஒரு நாள் மிரட்டினார். போங்க, போய் என்ன சொல்லுவீங்கன்னு கேட்டேன். பொண்டாட்டி எனக்கு இளவேனில் கொடுத்துட்டான்னா? நீங்கதான் பன்னெண்டு வருசமாத் தினம் சாப்பிடறீங்களே.”

உங்களை உள்ளே போக விட்டது நான்தான் என்று பிறகு மனோன்மணியே சொன்னாள். “என் கையை நாப்பது நாள் பாத்துட்டு நீங்களும் சும்மாதான இருந்தீங்க. ரெண்டும் சரியாப் போச்சு. இப்ப வாங்க. அவர் செத்துருவார் போல இருக்குது. எனக்கு அது வேண்டாம்.”

தவமணி காரில் ஏறினாள்.

அருணகிரி சாய்வு நாற்காலியில் இருந்தார். எழுபத்தொரு வயதில் அவருக்கு முடி கறுத்து வளர்ந்திருந்தது, கழுத்துச் சுருக்கம் மறைந்திருந்தது. விளம்பரத்தில்கூட அவர் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. தவமணி காலின் துணியை விலக்கினாள். எலும்பு தெரிந்தது. ஓரத்தில் கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவளை நிறுத்தச் சொல்லுங்க என்று அவர் மெல்லக் கேட்டார். தவமணி ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“பத்தொன்பது பேரு. ஒவ்வொருத்தரும் எதனால செத்தாங்கன்னு எழுதுங்க. எழுதி முடிச்ச அன்னைக்கு அம்மா நிறுத்துவாங்க. நான் கட்டுப் போடுவேன்.”

மூன்று நாள் அவர் பேனாவைத் தொடவில்லை. வேண்டியதைத் தருகிறேன் என்று கெஞ்சினார், பிறகு திட்டினார், அழுதார். இரண்டு பெண்களும் எதிரே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவமணிக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் பயந்தாள், வரவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் கண்டபோது எழுதினார். பதினான்காவதாக, ராக்கியப்பன், வயது அறுபத்து மூன்று, சர்க்கரை வியாதி இல்லை, மாத்திரையால் காயம் ஆறாமல் இறந்தார், எனக்குத் தெரியும் என்று இருந்தது. தவமணி அந்த வரியை மட்டும் பலமுறை படித்தாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து கட்டுப் போட உட்கார்ந்தாள்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தங்கியது. ஆறு மாதம் தவமணிதான் பார்த்துக்கொண்டாள். அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு கவனமாக அவள் யாருக்கும் கட்டுப் போட்டதில்லை. ஆஸ்பத்திரி டாக்டர்கள் அவளைப் பாராட்டினார்கள். அந்த வருடம் மாத்திரை தடை செய்யப்பட்டது. கோவையில் மனிதர்கள் ஒரே வருடத்தில் மளமளவென்று கிழவர்களானார்கள். சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

புது விசாரணையின் கடைசி நாளில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதும் தவமணிதான். எழுதிக் கொடுத்தது கட்டாயத்தால் என்று வக்கீல் வாதாடிப் பார்த்தார். கம்பெனி மறைத்துவைத்திருந்த அசல் பதிவேடுகள் அதில் இருந்ததோடு வரிக்கு வரி பொருந்தின. யார் கட்டாயப்படுத்தியது, எதைக் கொடுத்து என்று நீதிபதி கேட்டபோது அருணகிரி மனைவியின் பக்கம் திரும்பினார். மனோன்மணி அவரை நேராகப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

வயதைப் பார்த்துத் தண்டனையைக் குறைக்க வேண்டும், எழுபத்திரண்டு வயது, ஒரு கால் இல்லை, இன்னும் எத்தனை நாள் இருக்கப்போகிறார் என்று வக்கீல் கடைசியாகக் கேட்டுக்கொண்டார். அரசுத் தரப்பில் மருத்துவச் சான்றிதழை நீட்டினார்கள். நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். இதயம், ரத்தக்குழாய், நுரையீரல் எல்லாம் ஐம்பது வயதுக்காரருடையவை. நல்ல கவனிப்பு இருந்தால் முப்பது வருடம்கூட இருப்பார் என்று அதில் எழுதியிருந்தது.

ஆயுள் தண்டனை என்றார் நீதிபதி.

மனோன்மணி எழுந்திருக்கச் சிரமப்பட்டாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. தவமணி நாற்காலியைக் காவலர்களிடம் ஒப்படைத்தாள். கட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தண்ணீர் படக்கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவர்களுக்கு விவரமாகச் சொன்னாள். பிறகு வந்து மனோன்மணியின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, கீழே இறங்கினார்கள்.